ரெமுந்தா கொட்டிய மாவு

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாம் ஒரு பேச்சுக்குச் சொல்வோம். சார்தீனியா தீவில், ஓலுமேரா என்ற மலையூரில், அந்தப் பேச்சு செல்லாது. அங்கே ஒருவன் வீடு எரிந்து நின்றால் மற்றவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவன் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதையில் வருகிறவன் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றான். அதனால்தான் இது கதையாயிற்று.

அந்த ஊரில் ஆட்டுக்கு மணி செய்கிற பட்டறை ஒன்று உண்டு. நடத்துகிறவள் ரெமுந்தா. நாற்பதைத் தாண்டியவள். கைக்கு வேலை அதிகம், வாய்க்கு வேலை குறைவு. இரும்புத் தகட்டை வெட்டி, குழி விழுந்த கருங்கல்லின் மேல் வைத்துத் தட்டி வளைத்து, பித்தளைத் துண்டோடு சேர்த்துக் களிமண்ணில் பொதிந்து உலையில் போடுவாள். வெந்த களிமண்ணை உடைத்தால் உள்ளே பித்தளை பூசிய மணி இருக்கும்.

ஆனால் வேலை அதற்குப் பிறகுதான். விளிம்பில் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு என்று தட்டி, மேய்ப்பன் கேட்ட குரலைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மந்தைக்கும் அங்கே ஒரு குரல். மூடுபனி இறங்கிவிட்டால் கண் உதவாது. காதுதான் ஆட்டைத் தேடிப் பிடிக்கும். அதனால் அந்தப் பட்டறையில் உலை அணைவதே அபூர்வம். தீவின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து காத்திருப்பார்கள்.

ரெமுந்தாவின் சீடர் பெயர் லுசோரியு. சீடர் என்றதும் அரும்பு மீசைப் பையனை நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ரெமுந்தாவைவிடப் பதினைந்து வயது கூடுதல். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நின்ற ரயிலின் சக்கரங்களை நீளச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், எதில் விரிசல் என்று சத்தத்தை வைத்தே சொல்கிற வேலை. மனைவி போன பிறகு வீட்டில் தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை என்று மலையேறி வந்துவிட்டார்.

அந்த மலையில் வயதில் மூத்தவரை ‘சியு’ என்று கூப்பிடுவார்கள். மாமா என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலில் மூத்தவளை ‘மாஸ்த்ரா’ என்பார்கள். அவள் அவரை சியு என்பாள், அவர் அவளை மாஸ்த்ரா என்பார். இரண்டு மரியாதையும் ஒரே பட்டறையில் இடிக்காமல் இருந்தது.

லுசோரியுவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ரெமுந்தாவுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியும். இப்படியாக அவர்கள் பிழைப்பு நடந்தது.

கோடை முடிகிற சமயம் காட்டில் தீப் பிடித்தது. காற்று திரும்பியது. பாக்கீஸ் என்கிற மேய்ப்பனின் பட்டி முழுசாக எரிந்துபோயிற்று. அவன் ரொட்டி எடுக்க ஊருக்குள் வந்திருந்த நேரம். ஓடிப் போய்ப் பார்த்தபோது புகை மட்டும் இருந்தது. ஒரு ஆடுகூட மிஞ்சவில்லை.

ஊர் வழக்கப்படி மறுநாளே காரியம் தொடங்கிவிட்டது. ஒருவனுடைய மந்தை அழிந்தால் மற்ற மேய்ப்பர்கள் ஆளுக்கு ஒரு ஆடு கொடுப்பார்கள். நோஞ்சான் ஆட்டைத் தள்ளிவிட முடியாது. இளம் பெட்டையாக, மடி நல்லதாக, கழுத்தில் மணியோடு கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் கொடுப்பான். அது கடனும் இல்லை, தர்மமும் இல்லை. வந்த ஆடுகளை எல்லாம் கோயில் பக்கத்துப் புல்வெளியில் சேர்த்து, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பாக்கீஸ் வந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

பாக்கீஸ் வரவில்லை.

பாவம், அவன் அப்படிப்பட்டவன். யாருக்கு மந்தை போனாலும் முதல் ஆடு அவன் வீட்டிலிருந்துதான் போகும், அதுவும் மந்தையிலேயே நல்லதாக. அவன் அப்பாவும் அப்படியே. கொடுத்துச் சிவந்த கை என்பார்களே, அந்தக் கை. அதை மல்லாத்தி நீட்ட அவனுக்குத் தெரியவில்லை. பாதிரியார் வந்து சொன்னார். ஊர்த்தலைவர் வந்து சொன்னார். பெண்டாட்டி கவீனா அழுது சொன்னாள். கடல் தாண்டிப் பெரிய ஊரில் சாமான் கிடங்கு ஒன்றில் வேலை இருக்கிறது, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறேன் என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னான்.

குளிர் தொடங்கும்போது மலை மந்தைகள் எல்லாம் சமவெளிக்கு இறங்கும். அதற்குள் அவன் மனசு மாறவில்லை என்றால் அந்த வீடு பூட்டினது பூட்டினதுதான். கொடுத்த ஆட்டைத் திரும்ப ஓட்டிப்போகிற பழக்கமும் அங்கே கிடையாது. புல்வெளியில் அவை சொந்தக்காரன் இல்லாமல் கத்திக்கொண்டு நின்றன.

ஒருநாள் பாக்கீஸ் பட்டறைக்கு வந்தான். தோளில் கோணிப்பை. சாம்பலிலிருந்து பொறுக்கிய மணிகள். பித்தளை எல்லாம் உருகி ஓடி, கரி பிடித்துக் கிடந்தன.

“உருக்கிக்கோ, ரெமுந்தா. உனக்காவது ஆகட்டும்.”

அவள் வாங்கி ஓரமாக வைத்தாள். அவன் திரும்பி நடந்தான். லுசோரியு அந்த மூட்டையையே பார்த்தார். தினமும் காலையில் அந்த மந்தை பட்டறை வாசல் வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகும். மணிக்குக் குரல் ஏற்றுவது எப்படி என்று அவர் கற்றதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

“மாஸ்த்ரா, கொடுத்தே பழகின கைக்கு வாங்கக் கத்துக்கொடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

“அவன் மூட்டையைக் கொடுத்தானே, அப்ப அவன் முதுகைப் பார்த்தீங்களா, சியு?”

“இல்லை.”

“நான் பார்த்தேன்,” என்றாள் ரெமுந்தா. “துருத்தியை மிதிங்க.”

இதில் என்ன பதில் இருக்கிறது என்று லுசோரியுவுக்கு எரிச்சலாக வந்தது. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்தப் பெண்ணிடம் ஒரு பதிலை உரிக்க முடியாது என்று முணுமுணுத்தபடியே துருத்தியை மிதித்தார்.

சரி, நாமே பார்ப்போம் என்று முடிவு செய்தார். அந்தக் கோணிப்பையில் பெரிய மணி ஒன்று இருந்தது. பாக்கீஸின் மந்தையில் முன்னால் போகிற ஆட்டின் மணி. அதை எடுத்துக் கரியைச் சுரண்டி, மறுபடி பித்தளை ஏற்றி, உலையில் வேகவைத்து எடுத்தார். பிறகு குரல். தட்டுவார், காதருகே பிடிப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி தட்டுவார். சோறு தண்ணீர் மறந்து அதன் பின்னாலேயே கிடந்தார். ரெமுந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வந்துவிட்டது. அதே குரல். காலையில் வாசலில் கேட்குமே, அச்சு அசல் அதுவே. மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கேட்டால் பாக்கீஸ் இளகிவிடுவான் என்று நினைத்தார். புல்வெளியில் நிற்கிற ஆடுகளின் மணிகளையும் இதோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிட்டால், எந்த ஆடு யார் வீட்டுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் பழைய மந்தை மாதிரியே கேட்கும். வாங்கினது போலவே இருக்காது. நல்ல யோசனைதான். மனசு நிறைய அன்போடு செய்த யோசனை.

பாக்கீஸ் வீட்டு வாசலில் போய் நின்று மணியை ஆட்டினார்.

ஜன்னல் திறந்தது. பாக்கீஸின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததுமே தப்பு செய்துவிட்டோம் என்று லுசோரியுவுக்குத் தெரிந்துவிட்டது.

“சியு,” என்றான் பாக்கீஸ். கோபமாகச் சொல்லவில்லை. “அது செத்த ஆட்டோட குரல். என் வாசல்ல வந்து அதை அடிக்காதீங்க.”

ஜன்னல் மூடிக்கொண்டது. லுசோரியு கழுத்துத் துணியை அவிழ்த்து, சத்தம் வராமல் மணியைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

“மணி சரியா வந்துச்சா?” என்று கேட்டாள் ரெமுந்தா.

“அப்படியே வந்துச்சு.”

“அப்ப மணி மேல தப்பில்லை.” வாங்கி அலமாரியில் வைத்தாள்.

லுசோரியு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். விரிசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்லத்தான் தனக்கு ஆயுசு முழுக்கத் தெரிந்தது, அதை அடைக்கத் தெரியவில்லை என்றார். ரெமுந்தா அவருக்கு ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். அவள் ஆறுதல் சொல்கிற விதம் அது.

அந்த ரொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை இனிமேல் அங்கேதான் போகிறது. கரசாவு என்று பெயர். நம் அப்பளம் மாதிரி மெலிசு, அகலம் மட்டும் தாம்பாளத்தளவு. வட்டமாகத் தேய்த்த மாவை அடுப்பில் விட்டால் பூரி போல உப்பும். சூட்டோடு கத்தி விட்டு இரண்டு தாளாகப் பிரித்து, மறுபடி அடுப்பில் காட்டி மொறுமொறுப்பாக எடுப்பார்கள். மாதக் கணக்கில் கெடாது. மந்தையோடு போகிறவனுக்கு அதுதான் சோறு. ஒருத்தியாகச் செய்ய முடியாது. இன்றைக்கு இவள் வீட்டு அடுப்பு, அடுத்த வாரம் அவள் வீட்டு அடுப்பு என்று தெருப் பெண்கள் சேர்ந்து சுடுவார்கள்.

அதற்குத் தாய்மாவு வேண்டும். நம் வீட்டு உறைமோர் போலத்தான். போன தடவை மாவில் ஒரு கை எடுத்து வைத்து, அதைக் கொண்டு இந்தத் தடவை மாவைப் புளிக்க வைப்பார்கள். சில வீடுகளில் அது பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து சாகாமல் வரும். எப்போதாவது கெட்டுப்போனால் காலிக் கிண்ணத்தோடு இன்னொரு வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். விளக்கு வைத்த பிறகு மோர் கொடுக்கக் கூடாது என்று நம் பக்கம் சொல்வோமே, அந்தக் கணக்கெல்லாம் அங்கே இல்லை. எந்த நேரமானாலும், எதிரியே வந்து நின்றாலும், காலிக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்குகிறவள் நன்றி சொல்லக் கூடாது. அந்த மாவில் சுட்ட முதல் ரொட்டி கொடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ரொட்டியை வேண்டாம் என்று சொன்னவள் இதுவரை ஓலுமேராவில் பிறக்கவில்லை.

மந்தைகள் இறங்குகிற நாள் நெருங்கியது. பாக்கீஸ் வீட்டில் பெட்டி கட்டிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. மறுநாள் ரெமுந்தா வீட்டு அடுப்பு முறை.

அன்று சாயங்காலம் ரெமுந்தா பட்டறையை ஒட்டிய சமையல்கட்டுக்குப் போனாள். தாய்மாவு இருந்த மண்சட்டியை எடுத்தாள். மூடியிருந்த துணியை விலக்கினாள். மாவு நன்றாகப் பொங்கி, நுரைத்து, புளிப்பு வாசனையோடு இருந்தது. அவள் கொல்லைக்குப் போய் அதை அப்படியே கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகள் ஓடிவந்து கொத்தின. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

லுசோரியு பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று தோன்றியது. அது அவள் அம்மா வைத்திருந்த மாவு. அம்மா செத்த அன்று வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, ரெமுந்தா எழுந்து போய் அந்த மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தாள் என்று ஊரே சொல்லும்.

“மாஸ்த்ரா, அது உங்கம்மா மாவு.”

“ஆமா.”

அவள் ஒரு கிண்ணத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பாக்கீஸ் வீட்டுக்குப் போங்க, சியு. மாவு கேளுங்க.”

லுசோரியுவுக்கு அப்போதுதான் லேசாக விளங்கியது. விளங்கியதும் ஆற்றாமையும் வந்தது. கேட்பதுதான் நோக்கம் என்றால் சட்டியைப் பரண் மேல் ஒளித்து வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

“காலியா இருந்தாத்தான் அது காலிக் கிண்ணம்,” என்றாள் ரெமுந்தா. “இருட்டறதுக்குள்ள போங்க.”

போன தடவை மணியோடு போன வழியிலேயே இந்தத் தடவை கிண்ணத்தோடு போனார். மணியைக் கொண்டு போனபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இப்போது தெருவில் எதிர்ப்பட்டவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒன்றுமில்லாமல் ஒரு வாசலில் போய் நிற்பது எத்தனை கஷ்டம் என்று அந்த வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. பாக்கீஸை நினைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தவள் கவீனா. கூடத்தில் கட்டிய பெட்டிகள் இருந்தன. அவள் முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தாள். தீப் பிடித்த நாளிலிருந்து அந்த வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் எதையாவது கொடுக்கத்தான் வந்தார்கள். ரொட்டி, எண்ணெய், போர்வை, புத்திமதி. காலிக் கையோடு வந்தவர் இவர்தான்.

“ரெமுந்தா வீட்டுல தாய்மாவு இல்லை,” என்றார் லுசோரியு. “நாளைக்கு அவ அடுப்பு முறை.”

கவீனா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பாக்கீஸ் அணைந்த கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கினான். ரெமுந்தாவின் அம்மா மாவா கெட்டுப்போயிற்று என்று கேட்க வாயெடுத்து, கிண்ணத்தோடு வந்தவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாத வழக்கம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

“நம்ம மாவு உசிரோட இருக்கா?” என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

இருக்கிறது என்றாள் கவீனா. பெட்டி கட்டும்போதே அதைக் கொட்டியிருக்க வேண்டும், கை வரவில்லை, தினமும் மாவு போட்டுப் பிசைந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். சட்டியைக் கொண்டுவந்தாள். தான் கல்யாணமாகி வந்த வருஷம் மாமியாரின் மாவு சிவந்து கெட்டுப்போனதையும், ரெமுந்தாவின் அம்மாவிடம் போய் இதை வாங்கிவந்ததையும் சொன்னாள். கொஞ்சம் கிள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள்.

“இன்னும் வை,” என்றான் பாக்கீஸ்.

அவள் வைத்தாள்.

“நல்லா வை. அவ அடுப்பு பெரிசு.”

பிறகு அவன் எழுந்தான். உத்தரத்தில் ஒரே ஒரு பாலாடைக்கட்டி தொங்கியது. எரிந்துபோன ஆடுகளின் பால். அதற்குப் பிறகு அந்தப் பாலில் இன்னொன்று இல்லை. அதை இறக்கி, கத்தியால் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைத் துணியில் சுற்றி லுசோரியுவின் கையில் வைத்தான். அப்போது அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. இந்தத் தடவை லுசோரியு பார்த்தார்.

மறுநாள் ரெமுந்தாவின் அடுப்படியில் தெருப் பெண்கள் கூடினார்கள். ஒருத்தி தேய்த்தாள், ஒருத்தி அடுப்பில் விட்டாள், ஒருத்தி பிரித்தாள். மாவு யார் வீட்டுடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முதலில் வந்த ரொட்டிகளை அடுக்கி வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு ரெமுந்தா கிளம்பினாள். லுசோரியுவையும் வரச்சொன்னாள்.

பாக்கீஸ்தான் கதவைத் திறந்தான். மூட்டையைப் பார்த்தான். மற்றவர்கள் கொண்டுவந்ததை எல்லாம் மூன்று மாதமாக வாசலோடு திருப்பி அனுப்பியவன். ஆனால் இது முதல் ரொட்டி. அவன் வீட்டு மாவு. இரண்டு கையையும் நீட்டினான். அவள் அந்தக் கைகளில் வைத்தாள்.

உள்ளே போய் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாக்கீஸ் ஒரு தாளை உடைத்தான். வீடு அமைதியாக இருந்ததால் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மென்றுகொண்டே கேட்டான்.

“உங்கம்மா மாவு லேசுல சாகாதே, ரெமுந்தா. எப்படிச் செத்துச்சு?”

“சாகலை. நான்தான் கோழிக்குக் கொட்டினேன்.”

கவீனா வாயில் கை வைத்துக்கொண்டாள். எல்லாம் போயிற்று, காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று லுசோரியு நினைத்தார்.

“எதுக்கு?” என்றான் பாக்கீஸ்.

“உன்கிட்ட கேக்கணும்னு.”

அவன் அவளையே பார்த்தான். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவர் வீம்பு இன்னொருவருக்குத் தெரியும்.

“கேக்கக் கூசலையா உனக்கு?”

“கூசிச்சு. அதான் சியுவை அனுப்பினேன்.”

பாக்கீஸ் சிரித்துவிட்டான். தீக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி திரும்பி, தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. கவீனா அவன் முதுகில் கை வைத்தாள். ரெமுந்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். லுசோரியு தன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது நனைந்துபோயிருந்தது.

பாக்கீஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“கோயில் புல்வெளியில நிக்குதே ஆடுங்க. அதுங்களுக்குக் குளம்பு வெட்டிவிட்டாங்களா? இறங்கற நேரம் ஆச்சே.”

“எனக்கு இரும்பு தெரியும். ஆடு தெரியாது,” என்றாள் ரெமுந்தா. “நீ போய்ப் பாரு.”

அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

மந்தைகள் இறங்குகிற நாள் வந்தது. பாக்கீஸ் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தான். அப்பப்பா, என்ன சத்தம். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு வீட்டுக் குரல். ஒன்று கணீரென்றது, ஒன்று தகரம் போல அடித்தது, ஒன்று இருமியது. லுசோரியுவின் காது தாங்கவில்லை. சமவெளிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே குரலுக்குக் கொண்டுவந்துவிடலாம், நானும் கூட வருகிறேன், சுத்தியல் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வேண்டாம் என்றான் பாக்கீஸ். “எது யார் வீட்டுதுன்னு எனக்குத் தெரியட்டும், சியு.”

பிறகு ரெமுந்தாவின் பக்கம் திரும்பினான். கொஞ்சம் தயங்கினான். இந்த மாதிரி வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

“முன்னாடி போற ஆட்டுக்குப் பெரிய மணி இல்லை. ஒண்ணு கொடு.”

ரெமுந்தா உள்ளே போனாள். அலமாரியிலிருந்து துணி சுற்றிய மணியை எடுத்துவந்து லுசோரியுவிடம் கொடுத்தாள். லுசோரியு துணியை அவிழ்க்கப் பயந்தார். பாக்கீஸே அவிழ்த்தான். ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு குனிந்து, பங்காளி வீட்டிலிருந்து வந்த இளம் பெட்டையின் கழுத்தில் கட்டினான்.

மந்தை இறங்கியது. அத்தனை குழப்பமான சத்தத்துக்கும் முன்னால் அந்தப் பழைய குரல் போயிற்று. வளைவு திரும்பும்வரை லுசோரியு வாசலில் நின்றார்.

உள்ளே வந்து துருத்தியருகே உட்கார்ந்தார். ரெமுந்தா தகட்டைக் கல்லில் வைத்துத் தட்டத் தொடங்கியிருந்தாள்.

“மாஸ்த்ரா, ஒண்ணு கேக்கலாமா?”

அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அவன் கதவைத் திறக்காம இருந்திருந்தா? பெட்டிதான் கட்டியாச்சே. மாவும் இல்லைன்னு சொல்லியிருந்தா? உங்கம்மா மாவு கோழி வயித்துக்குப் போயிருச்சு. திரும்ப வராது. அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?”

ரெமுந்தாவின் சுத்தியல் நின்றது.

“நானும் அவன் வாசல்ல போய் உக்காந்திருப்பேன், சியு. ‘பாக்கீஸ், உன்கிட்டயும் ஒண்ணும் இல்லை, என்கிட்டயும் ஒண்ணும் இல்லை. எனக்கு இன்னொரு வீட்டுல தனியாப் போய்க் கேக்கக் கூசுது, நீயும் கூட வா’ன்னு கூப்பிட்டிருப்பேன்.”